சுறா பிடிப்பவரையே குழப்பிய டிவி விஞ்ஞானி

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் டிவி நிகழ்ச்சிகளைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னச் சின்னத் தவறுகள் இருந்தாலும் பிள்ளைகளுக்கு அறிவியல்மேல் ஆசை வருகிறதே, அது போதாதா என்று கேட்டு முடித்திருக்கிறார் கட்டுரையாளர். போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் ட்யூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, அறிவியலும் கணக்கும். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் கடல்தொழில் செய்கிற வீடுகளைச் சேர்ந்தவர்கள். போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தின் நடுவில், "டீச்சர், மெகலோடான் சுறா இப்பவும் உயிரோட இருக்குல்ல?" என்று கேட்டான். இல்லப்பா, அந்தப் பிரம்மாண்டச் சுறா இனம் அழிந்து சுமார் 36 லட்சம் வருஷம் ஆகிறது என்றேன். அவன் நம்பவில்லை. மறுநாள் அப்பாவின் போனைக் கையோடு கொண்டுவந்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். யாரோ தமிழில் குரல் கொடுத்து வெட்டிப் போட்டிருந்த பத்து நிமிடத் துண்டு. கப்பலில் நின்று ஒருவர் பேசுகிறார், கீழே அவர் பெயரும் கடல் உயிரியலாளர் என்ற பட்டமும் ஓடுகின்றன. இரண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, அதில் கப்பலுக்குப் பின்னால் ஒரு பிரம்மாண்டத் துடுப்பு.

எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவில் டிஸ்கவரி சேனல் சுறாக்களைப் பற்றிய தன் 'ஷார்க் வீக்' வாரத்தைத் தொடங்கிவைக்க ஒளிபரப்பிய இரண்டு மணி நேர நிகழ்ச்சி. முழுக்கக் கற்பனை. பேசுகிற விஞ்ஞானிகள் நடிகர்கள், அந்தப் படம் போலி. ஏறக்குறைய 48 லட்சம் பேர் பார்த்தார்கள், அதுவரை அந்த வாரத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு கூட்டம் இருந்ததில்லை. எல்லாம் முடிந்தபிறகு, கண் சிமிட்டுகிற நேரம் ஓர் அறிவிப்பு வந்து போனது. அதிலும் இது கட்டுக்கதை என்று நேராக எழுதவில்லை. சில சம்பவங்களும் பாத்திரங்களும் நாடகமாக்கப்பட்டுள்ளன என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அப்படி ஒன்றைப் பார்த்ததாகச் செய்திகள் இன்றும் வருகின்றன என்றும் சேர்த்திருந்தார்கள். என் முன்னால் ஓடிய பத்து நிமிடத் துண்டில் அந்த அறிவிப்புகூட இல்லை. எப்படி இருக்கும்? அது கடைசியில்தானே வந்தது!

இதைவிட எனக்கு மனசு கஷ்டமானது, அவனைக் கூட்டிப்போக வந்த அப்பா சொன்னது. இருபது வருஷத்துக்கும் மேலாக, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போகிறவர் அவர், நீளக் கயிற்றில் நிறைய முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சுறா பிடித்தவர், துடுப்பைப் பார்த்தே இது இன்ன சுறா என்று சொல்லக்கூடியவர். "இத்தன வருஷத்துல அப்படி ஒண்ண நான் பாத்தது இல்ல டீச்சர். ஆனா விஞ்ஞானியே சொல்லுதாரு, நமக்கு என்ன தெரியும்?" என்றார். ஒரு நடிகர் படித்த வசனத்துக்கு முன்னால், சுறாவைக் கையால் தொட்டுத் தெரிந்த மனிதர் தன் அனுபவத்தை ஒதுக்கி வைக்கிறார். கட்டுரையாளர் சொல்லும் சின்னத் தவறு இதுதானா?

அடுத்த நாள் பையனிடம், வீட்டில் சுறாப் பல் இருந்தால் கொண்டுவா என்றேன். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டுவந்தான். மேஜையில் கொட்டிப் பார்த்தோம். வெள்ளையாக, விளிம்பில் ரம்பம்போல, சில பற்களின் அடியில் காய்ந்த சதைகூட ஒட்டியிருந்தது. ஒரு சுறாவுக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்துகொண்டே இருக்கும், ஆயிரக்கணக்கில் விழும், புதுசு முளைத்துக்கொண்டே இருக்கும். மெகலோடானின் பல் 18 சென்டிமீட்டர் வரை இருந்திருக்கிறது, உன் கையை விரித்தால் அந்த நீளம் என்று அவன் கைமேல் ஸ்கேலை வைத்துக் காட்டினேன். அவ்வளவு பெரிய பல் உதிர்க்கிற மீன் இன்றைக்கும் இருந்தால், இந்தப் பாட்டிலில் இருப்பதுபோல ஒரு புதுப்பல்லாவது உலகத்தில் எங்காவது கிடைத்திருக்க வேண்டாமா? கிடைத்ததெல்லாம் கல்லாகிப்போன பழைய பல். அப்புறம் அது திமிங்கிலத்தைத் தின்று வாழ்ந்தது, திமிங்கிலமோ மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும், அப்படியிருக்க இது மட்டும் குளிர்ந்த ஆழத்தில் எதைத் தின்று ஒளிந்திருக்கும்? பையன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப அந்த ஆளு பேரு கீழ போட்டிருந்துச்சே டீச்சர்?" அது நடிப்புக்காகப் போட்ட பெயர் என்றேன். அவன் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. அடுத்த கேள்வி: "அப்ப துருவக்கரடிக் குட்டியும் பொய்யா?"

இதுதான் என் பயம். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்குப் போய்விடுகிறது.

துருவக்கரடி விஷயத்தில் அவனுக்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. 2011ல் பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் தாய்க்கரடி குட்டி போடுகிற காட்சி வந்தது. முன்னும் பின்னும் வெட்டவெளிப் பனி, நடுவில் குகைக்குள் குட்டிகள். குட்டிகளைப் படம் பிடித்தது நெதர்லாந்தில் ஒரு விலங்குப் பூங்காவில். பத்திரிகைகள் இதைப் பெரிதாக்கியபோது, தொடருக்குக் குரல் கொடுத்த டேவிட் அட்டன்பரோ, காட்டுக்கரடியின் குகையில் கேமரா வைத்தால் அது குட்டியையோ கேமராக்காரரையோ கொன்றுவிடும் என்றார், கதையின் நடுவே பூங்கா என்று சொன்னால் காட்சியின் உணர்வு கெட்டுவிடும் என்றும் சொன்னார். எப்படி எடுத்தோம் என்பதை பிபிசி தன் இணையதளத்தில் முன்பே போட்டிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. குகைக்குள் போகக்கூடாது என்பதையும் முழுமனதோடு ஏற்கிறேன். அட்டன்பரோவின் குரல் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காருவோம், அவ்வளவு மரியாதை. ஆனாலும் இதில் அவர் சொன்னது தவறு. 'இந்தக் குட்டிகள் ஒரு விலங்குப் பூங்காவில் பிறந்தவை' என்று அதே குரலில் ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? டிவி பார்க்கிறவர்களில் எத்தனை பேர் அப்புறம் இணையதளத்தைத் தேடிப் போகிறார்கள்?

இப்படி ஒரு காட்சி எத்தனை காலம் தங்கும் என்பதற்கு லெமிங் கதையே போதும். 1958ல் டிஸ்னி எடுத்த 'ஒயிட் வில்டர்னெஸ்' என்ற ஆவணப்படத்தில் லெமிங் என்ற எலி இனம் கூட்டங்கூட்டமாகக் கடலில் குதிப்பதாகக் காட்டினார்கள். ஆஸ்கர் விருதும் கிடைத்தது. கால் நூற்றாண்டு கழித்து, கனடாவின் சிபிசி தொலைக்காட்சி தோண்டிப் பார்த்ததில் வெளிவந்தது என்ன தெரியுமா? படம் எடுத்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், அங்கே கடலே கிடையாது. எலிகளை இன்னொரு மாகாணமான மானிட்டோபாவிலிருந்து விலைக்கு வாங்கி வந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டுப் பெரிய கூட்டம்போலக் காட்டி, ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். லெமிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றைக்கும் மேடையில் உவமை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தவறே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே 2011ல் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் பிபிசியில் ஒரு வைரத்தைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, இதனால் பிரபஞ்சத்தில் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் ஆற்றலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது என்றார். மற்ற இயற்பியலாளர்கள் அது சரியில்லை என்று எழுதினார்கள், அவரும் கணக்கை எடுத்து வைத்துப் பதில் சொன்னார். அந்த விவாதத்தைப் படித்தவர்கள் நிகழ்ச்சியில் கற்றதைவிட அதிகம் கற்றிருப்பார்கள். யார் பேசினார், எதை வைத்துப் பேசினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் தட்டிக்கேட்க முடிந்தது. நடிகரை விஞ்ஞானி என்று நிறுத்தினால் யாரைப் போய்க் கேட்பது? 2012ல் அனிமல் பிளானட் இதேபோலக் கடற்கன்னி உண்டு என்று ஒரு நிகழ்ச்சி போட்டபோது, அமெரிக்க அரசின் கடல் ஆய்வுத் துறையே அப்படிப்பட்ட உயிரினத்துக்கு எந்த ஆதாரமும் கிடைத்ததில்லை என்று அறிக்கை விட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது. இந்த மாதிரி இனி வேண்டாம் என்று டிஸ்கவரியின் புதிய தலைவர் சொன்னது 2015ல். ஆனால் எடுத்த படம் அழியவில்லையே, என் மாணவனின் கைபேசி வரை வந்து சேர்ந்துவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாராவாரம் கடைசிப் பக்கத்தில் டிவி நிகழ்ச்சிப் பட்டியல் போடுகிறீர்கள். அதில் அறிவியல், இயற்கை நிகழ்ச்சிகளுக்குப் பக்கத்தில் நடிகர்களை வைத்து எடுத்தது, கூண்டில் வளர்ந்த விலங்கை வைத்து எடுத்தது என்று இரண்டு மூன்று சொல்லில் குறிப்பு போட முடியுமா? எல்லாவற்றுக்கும் முடியாது என்று தெரியும், தெரிந்தவற்றுக்குப் போட்டால் போதும். மெகலோடான் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரையும் வெளியிடுங்கள், பல்லின் படத்தோடு. வந்ததும் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று ட்யூஷன் சுவரில் ஒட்ட, இன்னொன்று அந்தப் பையனின் அப்பாவுக்கு.

இப்படிக்கு,
ட்யூஷன் டீச்சர், நெடுநாள் வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்