முன்னுரிமை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இயங்குதளம் பற்றிய தங்கள் கட்டுரையில், முன்னுரிமை கூடிய நிரலுக்கே செயலியின் நேரம் எப்போதும் முதலில் கிடைக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் அது எப்போதும் உண்மையல்ல. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில், வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் (பொதுவான வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தச் செய்யும் ஏற்பாடு) பிடித்திருக்கையில் இடைநிலை முன்னுரிமைப் பணிகள் குறுக்கிட்டு அதை ஓடவிடாமல் தடுத்ததால், அதே பூட்டுக்காகக் காத்திருந்த மிக முக்கியமான பணி கெடுவுக்குள் முடியாமல் போய், கணினி மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆனது. காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைப் பூட்டை வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக வழங்கும் வசதி விண்கலத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தும், அந்தப் பூட்டுக்கு அது இயக்கப்படவில்லை. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தது பெரும் சாதனை. பணிகளுக்குச் சம நேரத்துண்டுகளை முறைவைத்து வழங்கும் ரவுண்ட் ராபின் கணக்கோடு பாடத்தை முடித்துவிடும் மாணவர்களுக்காக, இதனைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்