தமிழில் யோசித்துப் பேசு, கண்ணு

கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீ மட்டும் உன் மேசையிலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றாய். பூசானுக்குப் போய் எட்டு மாதமாக வகுப்புக்குப் போயும் வாயைத் திறந்தால் கொரிய மொழி வரமாட்டேன் என்கிறது என்றாய். இங்கே கோலாலம்பூரில் பத்து மணி, உனக்குப் பதினொன்று, போய்த் தூங்கு என்று வைத்துவிட்டேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மோன்ட் கியாராவில் நான் பாடம் எடுக்கிற கொரிய அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், செந்தூலிலிருந்து கிராப் டாக்சி எடுத்துப் போகிறேன். பிள்ளைகள் இன்டர்நேஷனல் ஸ்கூலில் படிக்கிறார்கள். அவரும் பள்ளியில் பத்து வருடம் ஆங்கிலம் படித்தவர்தான். ஆங்கிலப் பேப்பரைக் கொடுத்தால் வரி வரியாகப் புரிந்துகொள்கிறார், இலக்கணப் பயிற்சியில் ஒரு தப்பு வராது. பேசச் சொன்னால் மட்டும் முதலில் நோட்டில் எழுதி, ஒரு தடவை சரிபார்த்து, அப்புறம்தான் வாய் திறப்பார். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், முதல் இரண்டு வாரம் நான் ஒவ்வொரு தப்பையும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தினேன். அவர் பேச்சு குறைந்துகொண்டே போனது. மூன்றாம் வாரம் நான் மாறினேன். அவர் பேசும்போது குறுக்கே போவதில்லை. வார்த்தைக்குத் தடுமாறினால் எடுத்துக் கொடுக்காமல் மனசுக்குள் பத்துவரை எண்ணுகிறேன். தப்புகளை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறோம். மற்றதை விட்டுவிடுகிறேன். உன் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் பத்துவரை எண்ணும் பொறுமை இருக்கும், கண்ணு, நீ இரண்டு எண்ணுவதற்குள் எழுந்து ஓடிவிடுகிறாய்.

ஒரு நாள் அவர் கிம்சி கொண்டுவந்தார். எப்படிப் போடுவது என்று கேட்டேன், அவ்வளவுதான். முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்துக் கழுவுவது, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, நம் சின்சாலோக் மாதிரி உப்பில் ஊறிய சின்ன இறால் என்று இருபது நிமிடம் பேசினார், நோட்டைத் திறக்கவே இல்லை. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் பிசைந்து காட்டினார். உப்பு அதிகமானால் என்ன செய்வீர்கள் என்று நானும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து புத்தகம் கிடையாது. மார்க்கெட்டுக்குப் போகிறோம், மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கொடுக்கிறோம்.

அவர் உச்சரிப்பைக் கேட்டால் உனக்கு நம் வீடு ஞாபகம் வரும். கொரிய மொழியிலும் 'ஃப' கிடையாது, அதனால் காஃபியும் காப்பியடிப்பதற்கான காப்பியும் அவர் வாயில் ஒன்றுதான். இந்த ஊரில் கோப்பி என்றாலே சரியான பானம் வந்துவிடும், ஆனாலும் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொல்லிப் பழக்குகிறேன். இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் உயிரைச் செருகிவிடுவார், கிறிஸ்மஸ் ஐந்து அசையாக 'கு-ரி-சு-மா-சு' என்று நீளும். நாம் பஸ்ஸு, லைட்டு என்போமே, அதே வேலைதான். 'எங்கள் கணவருக்கு டுரியான் பிடிக்கும்' என்று ஆங்கிலத்தில் ஒரு நாள் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது. நான் மட்டும் உன் அப்பாவை 'எங்க வீட்டுக்காரர்' என்று சொல்லாமலா இருக்கிறேன்?

ஒரு தடவை பிள்ளையின் பள்ளி அலுவலகத்தில், 'நீங்கள் இன்னும் படிவத்தைக் கொடுக்கவில்லையா?' என்று கேட்டார்களாம். இவர் 'யெஸ்' என்றார். ஆமாம், கொடுக்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள், ஒரு வாரம் அலைச்சல். அழாத குறையாக வந்து சொன்னார். சாப்பிடவில்லையா என்று கேட்டால் நாமும் 'ஆமா, சாப்பிடல' என்றுதானே சொல்வோம்! வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் 'நான் கொடுக்கவில்லை' என்று முழுசாகச் சொல்லப் பழக்கினேன். அந்த ஒரு பாடம் அவருக்குப் பத்து வருடப் படிப்பைவிட உதவுகிறது என்று நினைக்கிறேன்.

இதை எல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அவருக்கு ஆங்கிலம் தலைகீழாக நிற்கிறது. உனக்குக் கொரிய மொழி அப்படி இல்லை. 'நானுன் பாபுல் மொகொயோ' என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான், சோற்றை, சாப்பிடுகிறேன். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், பெரியவர்களிடம் பேச மரியாதை வடிவம் தனியாக, எல்லாம் நம் வீட்டு வழக்கம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணம் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்று இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, அது வேறு விஷயம், வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதை யாரும் மறுக்க முடியாது. நீயோ படிப்பு, வேலை எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டி, அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டு, அப்புறம் கொரிய மொழிக்குக் கொண்டுபோகிறாய். அங்கேதான் மாட்டிக்கொள்கிறாய். பாட்டியிடம் பேசுகிற தமிழில் யோசி. வார்த்தையை மட்டும் மாற்று.

அவர் அடுத்த மாதம் பள்ளி விடுமுறைக்கு சியோல் போகிறார். நான் போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் அவர் பெட்டியில் இருக்கும், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுகிறேன் என்று அவரே சொன்னார். அதை மதியம் எல்லாரும் உட்காருகிற மேசைக்கு எடுத்துப் போய்த் திற. என்ன இது, எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். கை இருக்கிறது, பிசைந்து காட்டு. கிடைத்தது என்று அவருக்கும் போன் பண்ண வேண்டும். நீ கொரிய மொழியில் பேச வேண்டும், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார், அப்படித்தான் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்.

அம்மா