அந்தக் கவர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே. நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் ஒரு பழைய படம் பார்த்தேன், 1939-இல் மாரிஸ் எல்வி எடுத்த 'சன்ஸ் ஆஃப் தி சீ'. இங்கிலாந்தில் உன் பிளைமவுத்துக்குப் பக்கத்து டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரிதான் களம், யுத்தம் வரப்போகிற நேரம், ஒற்றன் வேலை. டூஃபேகலர் என்கிற பழைய கலர் முறைப் படம். பிலிமிலேயே சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக அச்சடித்திருப்பார்கள், அது வெளிச்சத்தைத் தின்றுவிடும், தியேட்டர் புரொஜெக்டரில் கார்பன் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் திரை கொஞ்சம் மங்கல்தான். தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர் புத்தி, கதையை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்கும்.

கேப்டனாக லெஸ்லி பேங்க்ஸ். முதல் உலகப் போரில் அடிபட்டு முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர். சிரிப்பு வேஷத்துக்கு ஒரு பக்கம், உருக்கத்துக்கு மறுபக்கம் என்று காட்டுவாராம். அம்மாவிடம் சொன்னால், உங்களுக்கு ரெண்டு பக்கமும் சிடுசிடுப்புதானே என்கிறாள்.

கேப்டனின் மகனும் அங்கேயே கேடட், அதாவது பயிற்சி மாணவன், தெரியாமல் ஒற்றனுக்கு உதவிவிடுகிறான். அதற்கு மேல் கதை என் மண்டையில் ஏறவில்லை.

அதே 1939 ஜூலையில்தான் பின்னாளில் ராணியான 13 வயசு எலிசபெத்துக்கு, பிறகு கணவரான கேடட் பிலிப்போடு அந்தக் கல்லூரியில் பழக்கமானது. யாருக்கு யார் எங்கே என்று யார் கண்டது. நான் எதுவும் கேட்கவில்லை.

நாலு வாரமாக நீ போன் எடுக்காததையும் குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். என் பிள்ளை பிளைமவுத்தில் என்று டீக்கடையில் சொல்லாத நாளில்லை. ஆனால் அறையைக் காலி செய்துவிட்டதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்பாய். அத்தை பையனை விசாரிக்கச் சொன்னது நான்தான். அவன்மேல் கோபப்படாதே.

பிளஸ் டூவில் உனக்கு வந்த அந்தக் கவரைப் பிரித்ததும் நான்தான். உலை ஆவியில் காட்டிப் பிரித்து, அவசரத்துக்கு ரீல் ஒட்டுகிற சிமெண்ட்டால் ஒட்டினேன். அந்த வாடையிலேயே பிடித்துவிடுவாய் என்று பயந்தேன். நீ அம்மாவைச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் அழுததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணு. கவர் விஷயத்தை நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். புது முகவரி அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா