ஏடு, அச்சு, வில்: மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆங்கிலேயர் கை திருவிதாங்கூரில் ஓங்கிய காலத்தில் நாகர்கோவிலில் கூத்தும் இலக்கியமும் எப்படி இருந்தன என்பதையே இந்த ஆண்டு முழுவதும் பேசுவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் போயிற்று. மார்கழியில் கூடத்தின் சாவி வந்து சேராததால் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். மற்றவை ஒழுங்காக நடந்தன.

முதல் கூட்டம் அச்சகம் பற்றியது. மயிலாடியில் ரிங்கல்தௌபே ஊன்றிய மிஷன் பணியை ஏற்ற மீட் ஐயர், 1818-இல் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1820-ஐ ஒட்டி இலண்டன் மிஷன் அச்சகம் இங்கே ஓடத் தொடங்கியது. பேச்சு முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அச்சு வந்ததும் ஏடு போய்விட்டதா?" என்று கேட்டார். பிறகு ஆண்டு முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றிவந்தோம்.

போகவில்லை. தாமரைகுளம் அரிகோபாலன் சீடர், அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதியது 1841-இல். அது அச்சேறியது 1939-இல். வண்டி கட்டினால் அரைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய ஊரில் அச்சகம் இருந்தும் 98 ஆண்டுகள்! மிஷன் அச்சகம் அதை அச்சிட்டிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் அம்மானை காதுக்காக எழுதப்பட்டது. சுவாமித்தோப்பில் கார்த்திகையில் 17 நாள் அதைப் பாடி வாசிக்கும் திருஏடு வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாடகமும் அப்படித்தான். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கொட்டகை பின்னால் வந்தது. அதற்கு முன்பே கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டின் வில் ஒலித்தது. ஆடி மாதக் கூட்டத்தில் பேச்சாளரை அழைக்காமல் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைத்தது இந்த ஆண்டு நாம் செய்த நல்ல காரியம். வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைப் பாடினார்கள். 1635-இல் அவர் போரில் விழுந்த கணியாகுளம் நம் கூடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரம். போருக்குப் போக வேண்டாம் என்று வீட்டுப் பெண்கள் தடுக்கும் இடத்தில் வில்லைத் தட்டும் வீசுகோல் நின்றது, குடமும் நின்றது, தலைமைப் பாடகரான அண்ணாவியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பின்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. யார் என்று எழுதவில்லை.

தேவசகாயம் பிள்ளை நாடகம் பற்றிய கூட்டம் சரியாக அமையவில்லை, பேசவிருந்தவருக்குக் காய்ச்சல். மறுபடி வைக்க வேண்டும்.

சுந்தரம் பிள்ளையின் செய்யுள் நாடகமான மனோன்மணீயத்தை இரண்டு கூட்டங்களில் குரல் விட்டு வாசித்தோம். 1891-இல் வெளிவந்த நூல் நாம் எடுத்துக்கொண்ட காலத்துக்குப் பிந்தியது என்று சிலர் ஆட்சேபித்தார்கள், நியாயம்தான். ஆனாலும் பாண்டியனும் சேரனும் நாஞ்சில் நாட்டுக்காக முட்டிக்கொள்ளும் இடம் வந்தபோது, நம் பகுதி திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐ நினைத்துக் கூடமே சிரித்தது. சுந்தரம் பிள்ளையின் ஆசிரியப்பா வாசிப்பவரின் மூச்சை வாங்குகிறது. அடுத்த முறை வாசிப்பவர்களை முன்கூட்டியே பழக்க வேண்டும்.

இளைஞர்கள் வருகை குறைவு. வில்லுப்பாட்டு அன்று மட்டும் வந்தார்கள்.

உறுப்பினர்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடுகள் இருந்தால், ஆற்றில் விடுவதற்கு முன் ஒருமுறை மன்றத்தில் காட்ட வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வில்லுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுத்த தொகை அதிகம் என்று முணுமுணுத்தவர்கள், இரவு பத்து மணிக்குப் பிறகும் நிறுத்தவிடாமல் பாடவைத்தது தாங்கள்தான் என்பதை நினைவில் வைத்துக் கணக்கைக் கேட்கவும்.

இவண்,
செயலாளர்