ஸ்லோ வண்டியில் ஏறு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். டோம்பிவிலியில் வீடு முடிவானது என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். தாதரில் வேலை, இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில்) பாதியில் விட்ட பி.காம்., ரெண்டாம் வகுப்புப் பாப்பா, மூன்றையும் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து இங்கே கணக்குப் போடாதே, லோக்கல் ரயில் வண்டியைப் பார்த்துப் போடு.

ஷேர் ஆட்டோ 15 நிமிடம், பிளாட்பாரத்தில் 10, வண்டியில் ஒரு மணி நேரம் சொச்சம், தாதர் பாலம் தாண்டி நடக்க 15. ஒரு வழிக்கு 100 நிமிடம் வைத்துக்கொள். ஆறு நாளைக்கு, போக வர, வாரம் 20 மணி நேரம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. அப்படியானால் 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம். அரை வருஷத்தில் முடிக்க வாரம் 7 மணி நேரம் வேண்டும். ஒரு பருவத்துக்கு ரெண்டு பாடம் மட்டும் எழுது, 14 மணி நேரம் போதும். எல்லாப் பாடத்தையும் ஒரே டிசம்பரில் எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

அந்த 14 மணி நேரம் எங்கிருந்து வரும்? எல்லாரும் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் வண்டியில் போ என்பார்கள். கேட்காதே. காலையில் கல்யாண், கர்ஜத் பக்கமிருந்து வரும் ஃபாஸ்ட் டோம்பிவிலிக்கு வரும்போதே கதவு வரை நிரம்பியிருக்கும், கையைத் தூக்கினால் திரும்ப இறக்க இடமிருக்காது. டோம்பிவிலியிலிருந்தே புறப்பட்டு எல்லா நிலையத்திலும் நின்று போகும் ஸ்லோ வண்டியில் ஏறு. பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும், ஆனால் உட்கார்ந்து புத்தகம் திறக்கலாம். பிளாட்பாரத்தில் லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும் என்று பார்த்துவைத்து, அங்கே முன்னமே நில். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி ஒட்டி உட்காருவாள், முறைக்காதே, அது இந்த ஊர் வழக்கம். எங்கே இறங்குவாய் என்று நிற்பவள் கேட்பாள், உன் சீட்டுக்கு அவள் போடும் துண்டு அது. குர்லா தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்துவிடு, தாதரில் எழுந்தால் இறங்க முடியாது. இதையெல்லாம் கழித்தால் முக்கால் மணி நேரம், ஆறு நாளைக்கு நாலரை மணி. திரும்பி வரும் வண்டியைக் கணக்கில் சேர்க்காதே.

வண்டியில் வாசிப்பு மட்டும்தான். அசைன்மென்ட் கையால் எழுத வேண்டியது, அதற்கு மேஜை வேண்டும். விடியற்காலை 5 முதல் 6 வரை ஐந்து நாள். மீதி நாலரை மணி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் போட்டு வண்டியைக் குறைப்பார்கள், நல்லதாகப் போயிற்று, எங்கும் போகாதே. சொந்தக்காரர்கள் மாட்டுங்கா வரை வந்து போகச் சொல்வார்கள், நானும் சொல்வேன், மாதம் ஒரு ஞாயிறு போதும்.

இக்னோவில் மறுபதிவு, அசைன்மென்ட், தேர்வுப் படிவம் மூன்றும் தனித்தனி. மறுபதிவுக்குப் பணம் கட்டியதால் தேர்வுக்குப் பெயர் வந்துவிடாது. அசைன்மென்ட் 30 சதவீதம், தேர்வு 70, ரெண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அசைன்மென்ட் கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய கேள்விக்கு எழுதிக் கொடுத்தால் வீண், மேலே இருக்கும் பருவத்தையும் ஆண்டையும் பார்த்துவிட்டு எழுது. ஒரு ஜெராக்ஸும் ஒப்புகையும் உன்னிடம் இருக்கட்டும். தேர்வு மையமாக ஆபீஸ் பக்கத்தைக் குறிக்காதே. ஜூன் தேர்வு மழையோடு வரும், கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் சயான், குர்லா தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும், வண்டி நடுவழியில் நின்றுவிடும். கல்யாண், தானே பக்கம் மையம் கிடைத்தால் அதையே போடு.

பாப்பாவுக்குக் காலை ஷிப்டா மதிய ஷிப்டா என்று பள்ளியில் கேட்பார்கள். காலை என்றால் அவளை உன் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போவார், மதியத்துக்கு மேல் பாள்ணாகர் தேவை. மராத்தியில் குழந்தைக் காப்பகத்துக்கு அதுதான் பெயர். மதிய ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணிக்கு அவளைக் கொண்டுபோய் விடவே ஓர் ஆள் வேண்டும், அது கிடைப்பது கஷ்டம். நான் காலை ஷிப்டைத்தான் சொல்வேன். பாள்ணாகர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை முதலில் கேள், மாதப் பணத்தை அப்புறம் பேசு. நீ வீடு சேர எட்டாகும், அவர்கள் ஏழுக்குப் பூட்டினால் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் சண்டை வரும்.

சமையலுக்கு ஞாயிறு ஒருமுறை மாவு. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. புளித்ததும் பிரிட்ஜில் வை, புதன் வரை இட்லி, அப்புறம் தோசை. வெயில் காலத்தில் மாவு ராத்திரிக்குள் பொங்கி வழியும், பெரிய பாத்திரம் எடு.

வரும்போது பாப்பாவின் டி.சி.யில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்கிக்கொண்டு வா. வேறு மாநிலத்து டி.சி. என்றால் இங்கே பள்ளியில் அதைக் கேட்பார்கள். விட்டுவிட்டு வந்தால் அதற்காகவே திருநெல்வேலி திரும்ப வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா