ஓட்டக் குழுச் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள 14 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 61 பெயர்கள் உள்ளன என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் ஞாயிறு ஓட்டம் மழை நாட்கள் நீங்கலாக நடைபெற்றது. சுதந்திர தினத்தன்று இனிப்பு வழங்கப்பட்டது.

பேரிஜம் ஓட்டம் குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டும். சென்ற பொதுக்குழுவில் இதை முன்மொழிந்தபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதுவும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. கொடைக்கானலிலிருந்து காட்டுக்குள் உள்ள பேரிஜம் ஏரிக்குப் போக 23 கிலோமீட்டர், திரும்ப 23. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. விண்ணப்பித்தேன், பெற்றேன். நாம் வாரந்தோறும் சுற்றும் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்தது. அதற்கு வயது சொல்லிவிடலாம். பேரிஜம் வழியிலுள்ள சோலைக்காட்டுக்கு யார் வயது சொல்வது? 'சோலை' என்ற நம் சொல்லையே உலகத் தாவரவியலாளர்கள் அப்படியே எழுதுகிறார்கள். அந்தக் காட்டின் ஈரம்தான் ஓடையாகிப் பேரிஜம் ஏரிக்கு இறங்குகிறது, அந்த நீரைத்தான் பெரியகுளம் ஊரில் குடிக்கிறார்கள். ஆகவே ஏரியில் கை கழுவிய இரு உறுப்பினர்களைக் கண்டித்தேன். அதில் வருத்தமில்லை.

பெயர் கொடுத்தவர்கள் 27 பேர். விடியற்காலையில் வந்தவர்கள் 9 பேர். தண்ணீர் கொடுக்க ஒப்புக்கொண்ட இருவர் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சலாம், மற்றவர் இன்றுவரை காரணம் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை என்பதால் 20 லிட்டர் கேன்களை நானே ஜீப்பில் ஏற்றிச் சென்றேன். மதிகெட்டான் சோலை அருகே ஒரு காட்டுமாடு பாதையின் நடுவில் நின்றுகொண்டது. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நான்கு கால்கள், மூக்கிலிருந்து ஆவி. இருபது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. அந்த நேரத்தில் என் கணுக்காலில் ஏறிய அட்டையை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். ஏழு பேர் முழுத் தூரமும் ஓடி முடித்தார்கள். விபத்து இல்லை. சிரித்தவர்கள் கவனிக்கவும்.

வரவு செலவு ஏறக்குறைய நேராக உள்ளது. ஜீப் வாடகையில் விழுந்த சிறு துண்டைத் தற்போதைக்கு நான் சரிக்கட்டியிருக்கிறேன், விவரம் பொருளாளரிடம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய் செலுத்தியோர் 23 பேர். பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை நாகரிகம் கருதி வாசிக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் அந்த நாகரிகம் இருக்கும் என்று உறுதி கூற இயலாது.

ஜீப் ஓட்டுநருக்கும், சுக்குக்காப்பி போட்டுத் தந்த என் துணைவியாருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் பேரிஜம் ஓட்டத்தை நடத்தலாம். எனக்கு இடது முழங்கால் சரியில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் இன்றே பெயர் தரலாம். தராவிட்டால், தண்ணீர் கொடுக்க நான்கு பேராவது பெயர் தரவும். காலிக் கேன்கள் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்