பீஹ்யாராவுக்குப் பொருள் கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். பேரன் பள்ளி விட்டு வந்தது முதல் படுக்கும்வரை 'பீஹ்யாரா பீஹ்யாரா' என்று பாடியே உயிரை எடுக்கிறான், பொருளில்லாத பாட்டுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஞாயிற்றுக்கிழமை சலித்துக்கொண்டாயே, அந்தப் பாட்டை நான்கு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் நான் அவன் பக்கம்தான்.

1990இல் 'சிபி மாருகோ-சான்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் தொடங்கியபோது, ஒவ்வொரு வாரமும் கதை முடிந்ததும் ஒலித்த பாட்டு அது. தலைப்பு 'ஒதோரு பொம்போகொரின்'. ஒதோரு என்றால் ஆடுகிற என்று பொருள். பொம்போகொரின் என்னவென்று எந்த அகராதியும் சொல்லாது. எழுதியவர் அந்தக் கதையை வரைந்த சகுரா மொமோகோ, இசை அமைத்தவர் ஒதா தெத்சுரோ. எடிசன் பெரிய மனிதர், அதுதான் எல்லோருக்கும் தெரியுமே என்று சொல்லிவிட்டு, பசிக்கிறது என்பதில் போய் நிற்கிற இந்தப் பாட்டுதான் அந்த ஆண்டு ஜப்பானில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடல் இசைத்தட்டு.

ஆனால் பீஹ்யாரா பொருளற்ற சொல் அல்ல, அம்மா. அங்கே திருவிழாக்களில் ஊதும் மூங்கில் குழலின் ஓசையை ஜப்பானியர் அப்படித்தான் வாயால் சொல்கிறார்கள். 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடகத்துக்குக் குழல் ஊதப் பழகுகிறவர்கள், கருவியைத் தொடுவதற்கு முன்பே 'ஒஹ்யாரா' என்பது போன்ற அசைகளைப் பாடி மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு ஷோகா என்று பெயர். நானும் சிறுவயதில் மிருதங்கத்தில் கை வைக்கும் முன் ஆறு மாதம் 'த தி தொம் நம்' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அப்போது என் பாட்டியும் உன்னைப் போலவேதான் சலித்துக்கொண்டாள்.

அவன் பாடும்போது கையைக் கவனித்தாயா? 'பப்பபரப' என்ற இடத்தில் ஆறு முறை தட்டுகிறான். எழுத்தோ ஐந்துதான் ஒலிக்கிறது. முதல் பகரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உதடுகள் மூடி நிற்கும் அந்த மௌனத்துக்கும் ஒரு தட்டு உண்டு. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானிய மொழியில் அந்த நிறுத்தம் மற்ற எழுத்துகளைப் போலவே ஒரு முழு மாத்திரை. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பொருளில் கவனம் போகாததால் மொழியின் காலக்கணக்கு நேராகக் கைக்கு வந்துவிட்டது.

இத்தகைய தலைப்புகள் அங்கே நிறைய. 1989இல் வந்த 'டிராகன் பால் இசட்' தொடரின் தொடக்கப் பாடலுக்கு 'சாலா ஹெட் சாலா' என்று பெயர். 'அதெல்லாம் ஒன்றுமேயில்லை' என்கிற பொருளில் ஜப்பானியர் சொல்லும் 'ஹெச்சாரா' அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1961இல் உவேகி ஹிதோஷி பாடிய 'சூதாரா புஷி'. அதைப் போல ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசையில்தான் சகுரா மொமோகோ பொம்போகொரினை எழுதினார். குடியையும் சூதாட்டத்தையும் விட முடியாத ஓர் அலுவலக ஊழியனின் பாட்டு இந்தச் 'சூதாரா புஷி'. 'சுயி சுயி சூதாரா' என்று வழுக்கிக்கொண்டு போகும். எழுதிய அவோஷிமா யுகியோ பின்னாளில் தோக்கியோவின் ஆளுநரானார். இப்படிப்பட்ட பாட்டைப் பாடுவதா என்று தயங்கிய உவேகி, பௌத்தக் கோயிலில் குருவாக இருந்த தன் தந்தையிடம் போய்க் கேட்டாராம். தவறென்று தெரிந்தும் விட முடியவில்லை என்று பாட்டில் வரும் வரி, நம் பௌத்தப் பிரிவை நிறுவிய ஷின்ரன் அடிகளின் போதனையேதான், தயங்காமல் பாடு என்று சொல்லி அனுப்பினாராம் தந்தை. அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

ஆகவே அவனை அதட்டாதே. வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் மட்டும் நிறுத்தச் சொல், போதும். பரணில் கிடந்த மிருதங்கத்தை இறக்கி, வார் இழுத்துக் கட்டக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வை. கொஞ்சம் நிதானமாகப் பாடச் சொல், என் விரல்களுக்குப் பழைய வேகம் இல்லை.

அன்புடன்,
அப்பா